நின்றுவிட்டது என்று நினைத்த ரத்தம்

வாசகர் கடிதம்:

"டாக்டர் ஐயா, என் மகனுக்கு 7 வயது. தூக்கத்தில் பெரிய குறட்டையும், மூச்சு நின்று நின்று வருவதுமாக இருந்ததால் டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதையையும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆறாம் நாள் இரவு தூங்கப் போகும்போது எச்சிலில் கொஞ்சம் ரத்தம் வந்தது. தலையணையிலும் பொட்டளவு கறை. வாய் கொப்பளிக்கச் சொன்னோம், நின்றுவிட்டது. 'நின்னுதான் போச்சே, காலையில பார்த்துக்கலாம்' என்றார் கணவர். நானும் சரி என்றேன். அதிகாலை 3 மணிக்குக் கட்டி கட்டியாகக் கறுத்த ரத்தத்தை வாந்தி எடுத்தான். தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்த் தையல் போட்டு, ரத்தமும் ஏற்றினார்கள். முதல் ஆபரேஷன் முடிந்து இன்றோடு 13 நாள். இப்போது வீட்டில் இருக்கிறான். அன்று மதியம் கெஞ்சினான் என்று இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். அதுதான் புண்ணைக் கீறிவிட்டதா? இல்லை, ஆபரேஷனையே சரியாகச் செய்யவில்லையா? தண்ணீர் குடித்தால் சில நேரம் மூக்கு வழியாக வருகிறது, மூக்கால் பேசுகிறான். மூன்று நாளாகக் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கிறான், நேராக்கினால் வலிக்கிறது என்கிறான்; படுத்த வாக்காக இருக்கும். என் தம்பிக்கு 28 வயது. அவனுக்கும் டான்சில் எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று தடுத்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மூன்று நாளாகச் சாய்ந்திருக்கும் கழுத்து. அதற்கான பதிலைக் கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன்: "இன்றே போய்க் காட்டுங்கள், நாளைக்கு வேண்டாம்." இங்கே அதைத் திரும்ப எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்காக.

ஆபரேஷனின்போது குழந்தையின் தலையைப் பின்பக்கமாக நன்றாகச் சாய்த்து, தோளுக்கடியில் முட்டுக் கொடுத்துத்தான் வேலை செய்கிறோம். அதனால் ஓரிரு நாள் கழுத்து பிடித்துக்கொள்வது உண்டு. அந்தப் பிடிப்பு நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஒரு வாரம் கழித்துப் புதிதாக ஆரம்பிப்பதோ, தலை ஒரு பக்கம் சாய்ந்து முகவாய் மறுபக்கம் திரும்பி அப்படியே பூட்டிக்கொள்வதோ அந்தக் கணக்கில் சேராது. தொண்டைப் புண்ணின் அழற்சி கழுத்தெலும்பின் முதல் இரண்டு கண்ணிகளைப் பிடித்திருக்கும் தசைநார்களைத் தளர்த்திவிட, ஒரு கண்ணி மற்றொன்றின் மேல் லேசாகத் திரும்பி நின்றுவிடுவது உண்டு. கிரீசல் நோய் என்று பெயர். அபூர்வமானதுதான். ஆனால் முதல் சில நாளில் கண்டுபிடித்தால் ஓய்வு, கழுத்துப் பட்டை, அழற்சிக்கு மருந்து என்ற அளவில் சரியாகிவிடும். வாரக்கணக்கில் விட்டால் எடை தொங்கவிட்டு இழுக்கும் சிகிச்சை, சில சமயம் கழுத்தெலும்பில் ஆபரேஷன் வரை போய்விடும். இதை உறுதி செய்ய சி.டி. ஸ்கேன் வேண்டும். அதுவரை யாரும் சுளுக்கு என்று நினைத்து நீவிவிடவோ திருகவோ கூடாது. கை கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது என்று எது தெரிந்தாலும் அது அவசர சிகிச்சைக்கான அறிகுறி. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தசைநார்கள் பிறவியிலேயே தளர்வாக இருக்கும் என்பதால் அவர்களிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். சாய்ந்த கழுத்தோடு கடும் காய்ச்சலும், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுக விடுவதும் இருந்தால் தொண்டைக்குப் பின்னால் சீழ் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன்.

டான்சில் எடுத்த இடத்தில் நாங்கள் தோலை இழுத்து மூடித் தைப்பதில்லை. கன்னத்தின் உட்புறம் போன்ற ஈரமான இடம் அது. இரண்டு பக்கமும் திறந்த குழியாகவே விட்டுவிடுகிறோம். முழங்கால் சிராய்ப்பில் பக்கு கட்டுவதுபோல அங்கும் ஒரு படலம் கட்டும். ஈரத்திலேயே இருப்பதால் அது கருப்பாக, காய்ந்ததாக இருக்காது. வெள்ளையாக, அழுக்கு மஞ்சளாக, பார்ப்பதற்குச் சீழ் போலவே இருக்கும். கூடவே வாயில் ஒரு துர்நாற்றம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சீழ் பிடித்துவிட்டது டாக்டர்" என்று பதறிக்கொண்டு வருகிறவர்கள் பாதிப் பேர். அது சீழ் இல்லை, ஆறுவதன் அடையாளம். அந்தப் பக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உதிர ஆரம்பிக்கும். உதிரும்போது அடியில் ஆறாத ரத்தக்குழாய் ஒன்று இருந்துவிட்டால் கசியும், சில நேரம் பீறிடும். உங்கள் மகனுக்கு ஆறாம் நாள் நடந்தது இதுதான். முதல் 24 மணி நேரத்துக்குள் வரும் ரத்தம் வேறு வகை. அது பெரும்பாலும் ஆபரேஷனின்போது கட்டிய அல்லது சுட்ட இடம் விட்டுக்கொடுப்பதால் வருவது. அப்போது பெரும்பாலான குழந்தைகள் மருத்துவமனையின் கண்காணிப்பிலேயே இருப்பார்கள், அல்லது அங்கிருந்து அப்போதுதான் கிளம்பியிருப்பார்கள். இரண்டாவது வகைதான் வீட்டில், அதுவும் நடு ராத்திரியில் வந்து நிற்கிறது.

பிஸ்கட்டை விட்டுவிடுங்கள். கூர்மையான, மொறுமொறுப்பான பண்டங்களை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள் என்று நானும்தான் சொல்கிறேன். உறுத்தும், வலிக்கும் என்பதற்காக. ஆனால் வழக்கமான உணவைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் ரத்தம் அதிகமாக வந்தது என்று ஆய்வுகள் உறுதியாக எதையும் காட்டவில்லை. பயந்துபோய் எதையுமே விழுங்காமல் கிடக்கும் குழந்தையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. விழுங்க விழுங்கத்தான் தொண்டைத் தசை அசையும். தண்ணீர் இறங்கினால்தான் வலியும் நாற்றமும் குறையும். கெஞ்சிக் கேட்ட பிள்ளைக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்ததற்காக நீங்கள் இத்தனை நாள் குமைந்திருக்க வேண்டாம்.

செய்தவர் சரியாகச் செய்யவில்லையா என்ற கேள்விக்கு, நேரில் பார்க்காத ஒருவரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ரத்தம் வருவதே கவனக்குறைவின் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003 ஜூலை முதல் 2004 செப்டம்பர் வரை டான்சில் ஆபரேஷன்களைத் தொடர்ந்து பதிவுசெய்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஏறக்குறைய 34,000 பேர். அதில் 3.5 சதவீதத்தினருக்கு ரத்தப்போக்கு, 0.9 சதவீதத்தினரை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கத்தி, நூல் என்று பழைய முறையில் செய்ததைவிட மின்சாரத்தால் சுட்டு எடுக்கும் முறைகளில் பிந்தி வரும் ரத்தம் கூடுதல் என்பதும் அதில் தெரிய வந்தது. அதற்கு முன் 2001இல் இங்கிலாந்தில் நடந்த இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. மாட்டு மூளை நோயின் மனித வடிவம் கருவிகள் மூலம் பரவிவிடுமோ என்று அஞ்சி, ஒரே முறை பயன்படுத்தித் தூக்கியெறியும் கருவிகளை டான்சில் ஆபரேஷனுக்குக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கருவிகள் கைக்குச் சரிப்படவில்லை, ரத்தப்போக்கு கூடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பழைய கருவிகளுக்கே திரும்பிவிட்டார்கள். ஆக, முறைக்கும் கருவிக்கும் இதில் பங்குண்டு. அதற்காக, எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் ரத்தமே வராது என்று சொல்லும் மருத்துவர் யாராவது இருந்தால், அவர் அதிகம் பேருக்குச் செய்ததில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். என் கை பட்ட குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. இரவு போன் அடித்தால் இன்றைக்கும் எத்தனையாவது நாள் என்றுதான் மனம் முதலில் கணக்குப் போடும்.

ஆகவே பிஸ்கட்டையும் ஓரமாக வைக்கிறேன், மருத்துவரையும் ஓரமாக வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் மீதி இருப்பது "நின்னுதான் போச்சே" என்ற ஒரு சொல். உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது எங்களில் யாராவது அதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் நின்றதும் நின்றதுதான். தொண்டையில் அப்படியில்லை. அங்கே நின்றதுபோலத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. உண்மையிலேயே நின்றிருக்கலாம். ஓட்டையின் மேல் ஒரு ரத்தக்கட்டி உட்கார்ந்து தற்காலிகமாக அடைத்திருக்கலாம். ஒரு இருமல், ஒரு தும்மல், அது நகர்ந்துவிடும். மூன்றாவதாக, ரத்தம் நிற்காமலே இருந்து, தூங்கும் குழந்தை அதை விழுங்கிக்கொண்டே இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். அது மட்டுமில்லை. பெரிய ரத்தப்போக்கு வருவதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்னால் ஒரு சிறு கசிவு வந்து நின்றுபோவது எங்களுக்கு நன்கு பழகிய கதை. பின்னால் வருவதற்குக் கட்டியம் கூறும் ரத்தம் அது. அதனால்தான் டான்சில் எடுத்த இரண்டு வாரத்துக்குள் எச்சிலில் இழையோடும் கறையைவிடக் கூடுதலாக, பளிச்சென்ற சிவப்பு ரத்தம் எவ்வளவு வந்தாலும், வந்து நின்றுவிட்டாலும், அந்த நேரமே கிளம்பிவிட வேண்டும் என்கிறோம். போய், ஓர் இரவு ட்ரிப் போட்டுப் படுக்க வைத்திருந்து, ஒன்றும் ஆகாமல் மறுநாள் திருப்பி அனுப்பினால் அது வீண் அலைச்சல் இல்லை.

விழுங்கும் ரத்தத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது? தூங்கும் குழந்தையின் தொண்டையைப் பாருங்கள். மடக் மடக்கென்று அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் எழுப்பி, வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வயிற்றில் சேர்ந்த ரத்தம் குமட்டும்; அமிலம் பட்டுக் கறுத்துப்போய்க் காப்பித்தூள் மாதிரியோ கட்டியாகவோ வாந்தியில் வரும். முகம் வெளுப்பது, கை கால் சில்லிடுவது, நாடி படபடவென்று அடிப்பது, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடப்பது எல்லாம் கணிசமாக இழந்துவிட்டான் என்பதற்கு அடையாளம். ஏழு வயதுப் பிள்ளை சுமார் 22 கிலோ இருப்பான் என்று வைத்தால், கிலோவுக்கு 70 முதல் 75 மில்லி வீதம், அவன் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குச் சற்று அதிகம். பெரியவர்களுக்குப் பொருட்டில்லாத இரண்டு டம்ளர், அவனுக்கு நாலில் ஒரு பங்கு. குழந்தைகளின் உடம்பு ஏமாற்றும். இதயம் வேகமாக அடித்து ரத்த அழுத்தத்தைக் கடைசி வரை தாக்குப்பிடித்துக் காட்டிவிட்டு, பிறகு ஒரேயடியாகச் சரியும். "பிரஷர் நார்மலாகத்தானே இருந்தது" என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

கிளம்பும் வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளையை உட்கார வைத்து முன்பக்கம் குனியச் சொல்லுங்கள், வருவதை விழுங்காமல் ஒரு கிண்ணத்தில் துப்பட்டும். எவ்வளவு போயிற்று என்று மருத்துவருக்கும் அதைக் காட்டலாம். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை என்றால் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பலாம், ஆனால் எதையும் விழுங்கக் கூடாது, மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம். விரலையோ பஞ்சையோ தொண்டைக்குள் விடாதீர்கள். ரத்தம் நிற்காமல் கொட்டினால் சொந்த வண்டியைத் தேடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

அங்கே போன பிறகு மூடிய கதவுக்குப் பின்னால் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் வெளியே நிற்பது பெற்றவர்களுக்குக் கொடுமை. அதனால் சொல்கிறேன். முதலில் இரண்டு கையிலும் பெரிய ஊசியாகப் போட்டு ட்ரிப் ஏற்றியிருப்பார்கள், ரத்த வகை பார்த்து ரத்தம் தயார் செய்யச் சொல்லியிருப்பார்கள். கசிவு சிறிதாக இருந்தால் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து, அட்ரினலின் நனைத்த துணியால் குழியின் மேல் அழுத்தம் என்று பார்ப்பதுண்டு. ஏழு வயதுப் பிள்ளை அழுதுகொண்டே வாயைத் திறந்து ஒத்துழைப்பான் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் சீக்கிரமே தியேட்டருக்குத்தான் போக வேண்டிவரும். அங்கே எங்களைவிட மயக்க மருந்து கொடுப்பவருக்குத்தான் வேலை கடினம். வயிறு நிறைய ரத்தம். மயங்கும் நொடியில் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். தொண்டையில் ரத்தக்கட்டி இருப்பதால் மூச்சுக்குழாயின் வாய் கண்ணுக்குத் தெரியாது. உறிஞ்சு குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் இருக்கட்டும் என்று இரண்டாவதைக் கையோடு வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். மூச்சு விடுவதற்கான குழாய் சரியாக இறங்கியதும் தியேட்டரில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விடுவோம். பிறகு கட்டியைத் துடைத்தெடுத்து, கசியும் இடத்தைக் கண்டுபிடித்துக் கட்டுவதோ சுடுவதோ தைப்பதோ ஒப்பிட்டால் எளிது. முடித்துக் கிளம்பும் முன் அண்ணத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு ரத்தக்கட்டியைத் தேடி எடுக்கச் சொல்லி எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டால், குழாயை உருவிய பிறகு விழுந்து மூச்சை அடைத்துவிடும். ஆங்கிலத்தில் அந்தக் கட்டிக்கு 'கரோனர்ஸ் கிளாட்', அதாவது சாவு விசாரணை அதிகாரியின் கட்டி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை கேட்டால் மறக்காத பெயர்.

இனி வரும் நாட்களுக்கு. தையல் போட்டாயிற்று என்றாலும் புண் முழுதாக ஆற இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதுவரை மேலே சொன்ன எச்சரிக்கை அப்படியே நிற்கும். ரத்தம் மறுபடி மறுபடி வந்தால், அதிலும் வாரங்கள் கழித்துத் திடீரென்று பெரிதாக வந்தால், ரத்தக்குழாயின் சுவரில் ஒரு பொய் வீக்கம் உண்டாகியிருக்கலாம். அதற்கு மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஸ்கேனும், உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சையும் இருக்கின்றன. ரத்த சோகை எந்த அளவில் நிற்கிறது என்று ஹீமோகுளோபின் பார்த்து, தேவையானால் இரும்புச் சத்து மருந்து எழுதித் தருவார்கள்; கேட்டு வாங்குங்கள். ரத்தம் வந்த பிறகு எந்த வலி மாத்திரையை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்பதையும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

வலி மாத்திரையில் எல்லோருக்குமாக ஒரு வார்த்தை. பாராசிட்டமாலை எடைக்கேற்ற அளவில், வலி வந்த பிறகு என்று காத்திருக்காமல் நேரப்படி கொடுப்பதுதான் முதுகெலும்பு. கூட ஐபுப்ரோஃபென் சேர்ப்பதைப் பல வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. ஆஸ்பிரின் கூடவே கூடாது. கோடீன் கலந்த மருந்து எதுவும் குழந்தைக்கு வேண்டாம். கோடீனை உடம்பு மார்ஃபினாக மாற்றித்தான் பயன்படுத்துகிறது. சிலருடைய கல்லீரல் பிறவியிலேயே அதை அளவுக்கு மீறி வேகமாக மாற்றிவிடும். டான்சில் எடுத்த பிள்ளைகள் சிலர் வழக்கமான அளவிலேயே தூக்கத்தில் மூச்சு நின்று இறந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் இந்த ஆபரேஷனுக்குப் பின் கோடீனைக் குழந்தைகளுக்குத் தடுத்தது. 2017இல் டிராமடாலுக்கும் தடை வந்தது. உங்கள் மகன் போல மூச்சு நின்று நின்று வருவதற்காக ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளுக்குத்தான் இதில் ஆபத்து மிக அதிகம். டான்சில் போன உடனே அவர்களுடைய மூச்சு முழுதாகச் சரியாகிவிடாது. வீக்கம் காரணமாக முதல் சில இரவுகள் குறட்டை கூடவும் செய்யலாம். குறட்டையை விட்டு, இடையில் வரும் நீண்ட மௌனத்தைக் கவனியுங்கள். நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பினால் எழாமல் இருந்தாலோ அது ரத்தத்துக்கு இணையான அவசரம். காதுவலிக்கு மட்டும் பயப்பட வேண்டாம். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் தொண்டை வலியைக் காது அழும். நாளில் சிறுநீர் இரண்டு தடவைக்கும் குறைந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், ட்ரிப் போட வேண்டிய வறட்சி அது.

மூக்கால் பேசுவதும் தண்ணீர் மூக்கில் ஏறுவதும் பெரும்பாலும் தானே அடங்கும். விழுங்கும்போதும் பேசும்போதும் மேலண்ணம் எழும்பி மூக்குக்குப் போகும் வழியை மூட வேண்டும். இதுநாள் வரை பின்மூக்குச் சதை அந்த இடத்தில் பாதியை நிரப்பி நின்றதால் அண்ணத்துக்கு வேலை குறைவு. சதை போனதும் இடைவெளி பெரிதாகிவிட்டது; வலிக்குப் பயந்து அண்ணமும் சோம்பிக் கிடக்கிறது. சில வாரங்களில் பழகிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதமாகியும் மாறாவிட்டால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவர்கள் பார்க்கும்போது உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறதா, அண்ணத்தின் தோலுக்கடியில் வெளியே தெரியாத பிளவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பலர் டான்சிலையே உள்நாக்கு என்று சொல்கிறார்கள். நடுவில் தொங்குவதுதான் உள்நாக்கு, அதை யாரும் எடுக்கவில்லை.

கடைசியாக உங்கள் தம்பி. உங்கள் மகனுக்கு நடந்ததே காரணமாக வைத்து அவரைத் தடுக்காதீர்கள். ஆனால் ஒரு கேள்வியை உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு மாதவிடாயில் ரத்தம் மிக அதிகமாகப் போகுமா? உங்களுக்கோ தம்பிக்கோ பல் பிடுங்கிய பிறகு மணிக்கணக்கில் நிற்காமல் வந்ததுண்டா? சின்ன வயதில் மூக்கிலிருந்து அடிக்கடி கொட்டுமா, லேசாக இடித்தாலே கன்றிப்போகுமா? வான் வில்லிபிராண்ட் என்ற ரத்த உறைவுக் குறை பெரும்பாலும் பெற்றோர் ஒருவரிடமிருந்தே பிள்ளைக்கு வரும். பலருக்கு அது இருப்பதே ஒரு ஆபரேஷன் வரை தெரியாது. ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்த உறைவுப் பரிசோதனைகளில் அது தெரியாமலே போகலாம். மகனுக்கு ரத்தம் வந்ததற்கு மிகச் சாதாரணக் காரணமே போதும் என்றாலும், மேலே கேட்டதில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால் மகனுக்கும் தம்பிக்கும் அதற்கான தனிப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் அடுத்த அடி.

அப்படி எதுவும் இல்லையென்றால், அவருக்கு ஏன் எடுக்கச் சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பக்கம் மட்டும் பெரிதாக, கெட்டியாக இருக்கிறது, சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றால் தள்ளிப்போடவே கூடாது. திரும்பத் திரும்ப வரும் தொண்டைப்புண்ணுக்காக என்றால் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரே ஆண்டில் 7, அல்லது அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். பிரிட்டனில் பெரியவர்கள் 453 பேரை வைத்து நடந்து 2023இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் டான்சில் எடுத்தவர்கள் 23 நாளும், எடுக்காமல் சமாளித்தவர்கள் 30 நாளும் தொண்டைவலியில் கழித்ததாகத் தெரிந்தது. பலன் உண்டு. ஆனால் எடுத்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் ரத்தம் வந்தது. பெரியவர்களுக்குக் குழந்தைகளைவிட வலியும் அதிகம், ரத்தம் வரும் வாய்ப்பும் அதிகம் என்பது நாங்கள் தினமும் பார்ப்பதுதான். வருடத்துக்கு இரண்டு தடவை தொண்டை கட்டுகிறது என்பவராக இருந்தால், நானாக இருந்தால் காத்திருக்கவே சொல்வேன். மாதம் தவறாமல் காய்ச்சலில் படுத்து வேலையை இழக்கும் நிலை என்றால் செய்துகொள்ளட்டும்.

செய்வதென்று முடிவானால், புகைப்பழக்கம் இருந்தால் முன்கூட்டியே நிறுத்தட்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று மருத்துவரிடம் சொல்லட்டும். இரண்டு வாரம் பயணம், பாரம் தூக்குவது, தனியாகத் தங்குவது வேண்டாம். அந்த இரண்டு வாரமும் நடு ராத்திரியில் தொண்டை மருத்துவரும் தியேட்டரும் எங்கே தயாராக இருக்கும், அங்கே போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகும், வண்டி ஓட்டப்போவது யார் என்பதை ஆபரேஷனுக்கு முந்தின நாளே ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.